வழக்கு என்னும் பிரமாணம்

சிதம்பரத்துக்குக் கல்லூரிப் படிப்பை நாடி வரும் ஒரு மாணவன், ஆங்கிலத்தில் 'கிவ்' என்றால் கொடுத்தல் என்றும் 'அப்' என்றால் மேலே என்றும் பள்ளிக்கூடத்திலேயே ஐயமறத் தெரிந்துகொண்டு வந்தவனாயினும், அவ்விரண்டு சொற்களும் கூடி 'கிவ் அப்' என்று நிற்கும்போது, கொடுப்பவரும் கொள்பவரும் இல்லாமல், மேலும் கீழும் இல்லாமல், ஒன்றை விட்டொழித்தல் என்ற பொருள் எங்கிருந்தோ வந்து அங்கே குடியேறிவிடுவதைக் கண்டு திகைக்கிறான். 'கிவ் இன்' என்றால் பணிந்துபோதல். 'கிவ் அவே' என்றால் தானம் செய்தலும் ஆகும், காட்டிக்கொடுத்தலும் ஆகும். வைத்தலைக் குறிக்கும் 'புட்' என்ற வினையோடு 'ஆஃப்' சேர்ந்தால் ஒத்திப்போடுதல். 'அப் வித்' சேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுதல். இவற்றுக்கு நியாயம் என்னவென்று ஆசிரியரைக் கேட்டால், 'அது அப்படித்தான், நெட்டுருப் போட்டுக்கொள்' என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். இந்த விடையை ஆசிரியரின் இயலாமைக்கு அடையாளமென்று கொள்வது எளிது. ஆயினும், அந்த 'அப்படித்தான்' என்ற ஒரு சொல்லுக்குள், நம் முன்னோர் பல நூற்றாண்டுகள் வாதித்தும் முடிவு காணாத ஒரு வினா ஒளிந்துகொண்டிருக்கிறது. உறுப்புகளில் இல்லாத பொருள் முழுமைக்கு எங்கிருந்து வருகிறது? யுக்தியால் எட்ட முடியாத அப்பொருளைப் பிறர் சொல்லக் கேட்டு ஏற்றுக்கொள்வது அறிவாகுமா, வெறும் நம்பிக்கையாகுமா?

முதல் வினாவை வேதச் சொற்களுக்கு நிருக்தம் வகுத்த யாஸ்கரே எடுத்துரைக்கிறார். வினைக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் உபசர்க்கங்களுக்குத் தமக்கென ஒரு பொருள் உண்டா என்ற விசாரத்தில், தனித்து நிற்கையில் அவை எதையும் தெளிவாக உணர்த்தமாட்டா என்று சாகடாயனரும், இல்லை, அவற்றுக்கும் பலவகைப் பொருள்கள் உண்டு என்று கார்க்கியரும் மாறுபட்டனர். 'அப்', 'அவுட்', 'ஆஃப்' என்னும் ஆங்கிலச் சிறுசொற்களைப் பற்றி இன்றைய மாணவன் படும் சங்கடம் இவ்விருவருக்கும் முன்னமே தெரிந்திருக்கிறது. வேற்றுமை ஒன்றே, வடமொழியில் அவை வினைக்கு முன்னே வருகின்றன, ஆங்கிலத்தில் பின்னே வருகின்றன. 'ஹ்ரு' என்ற தாது கொண்டுபோதலைக் குறிப்பது. அதற்கு முன் 'ஆ' வந்தால் ஆகாரம்; 'ஸம்' வந்தால் சம்ஹாரம்; 'பரி' வந்தால் பரிஹாரம்; 'வி' வந்தால் விஹாரம். கந்தசஷ்டியில் சூரசம்ஹாரம் பார்த்து, மறுநாள் ஜோசியரிடம் பரிகாரம் கேட்டு, வீடு திரும்பி ஆகாரம் உண்ணுகிற நம்மவர் ஒருவர், ஒரே தாதுவை மூன்று முறை வாயாரச் சொல்லியும் அம்மூன்றும் உடன்பிறந்தவை என்பதைக் கனவிலும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

தமிழ் மட்டும் இவ்விஷயத்தில் காரணகாரியம் பிசகாத மொழி என்று எண்ணிவிட வேண்டாம். 'விட்டுக்கொடுத்தான்' என்று சொல்லும்போது அவன் எதை விட்டான், எதைக் கொடுத்தான்? 'பெரியவர் போய்ச் சேர்ந்தார்' என்றால் எங்கே போனார், எங்கே சேர்ந்தார் என்று கேட்பவனை ஊர் நகைக்கும். ஆங்கிலேயன் வாளியை உதைத்துவிட்டுச் சாகிறான் என்று வியப்படைகிற நாம், மண்டையைக் கீழே போட்டுவிட்டுச் சாகிறவர்கள். பிறந்த நாள்தொட்டுக் கேட்டுவரும் வழக்கில் இந்த விசித்திரம் கண்ணில் படுவதில்லை. அயல்மொழியைக் கற்கப் புகும்போதே, மொழி என்பது எவ்வளவு பெரிய பகுதி காரணம் கேளாமல் பெற்றுக்கொண்ட சொத்து என்பது விளங்குகிறது.

இந்த விசாரத்துக்குச் சிதம்பரத்தைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. தில்லைக்கூத்தை வியாக்கிரபாதரோடு உடனிருந்து கண்ட பதஞ்சலியும், பாணினியின் சூத்திரங்களுக்கு மகாபாஷ்யம் செய்த பதஞ்சலியும் ஒருவரே என்பது அவ்வூரின் மரபு. சரித்திர ஆராய்ச்சியாளர் இதனை ஒப்புவதில்லை என்றாலும், இடுப்புக்குக் கீழே பாம்புடல் கொண்ட அம்முனிவரின் திருவுருவத்தை வணங்கி நிற்கும் அன்பர்க்கு அந்த ஐயம் எழுவதில்லை. ஆயிரங்கால் மண்டபத்தில் திரைக்குப் பின்னால் ஆதிசேஷ வடிவத்தில் அமர்ந்து ஆயிரம் மாணவர்க்கு ஒரே நேரத்தில் இலக்கணம் போதித்தார் என்றும், ஆசிரியரின் உருவத்தைக் காணும் ஆவலால் திரையை விலக்கியவர்கள் அவர் மூச்சின் வெப்பத்தால் நீறாயினர் என்றும், வெளியே சென்றிருந்த ஒருவனே பிழைத்தான் என்றும் சொல்லும் கதையை இராமபத்திர தீக்ஷிதர் தம் பதஞ்சலி சரிதத்தில் காவியமாக்கினார். மகாபாஷ்யத்தின் தொடக்கத்திலோ, அந்தப் பயங்கரக் கதைக்குச் சிறிதும் பொருந்தாத, தெருவில் நடந்துபோகிறவர் சொல்வது போன்ற ஓர் எளிய கருத்து வருகிறது. குடம் வேண்டியவன் குயவன் வீட்டுக்குப் போய்க் குடம் செய்து தரச் சொல்லுகிறான். சொல் வேண்டியவன் எவனும் இலக்கணப் புலவன் வீட்டுக்குப் போய்ச் சொல் செய்து தரச் சொல்வதில்லை. பொருளை மனத்தில் கருதுகிறான், சொல்லை வழங்கிவிடுகிறான். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு உலகத்தில் முன்னமே சித்தமாக இருப்பது என்பதும், இலக்கணம் அந்த உலகவழக்குக்கு ஒரு நியமம் செய்வதேயன்றி அதனைப் படைப்பது அன்று என்பதும் இதன் தாத்பரியம்.

உலகவழக்கு ஒருவனுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை மீமாம்சகர்கள் ஒரு வீட்டு முற்றத்தில் வைத்துக் காட்டினார்கள். பெரியவர் ஒருவர் மற்றொருவரைப் பார்த்து, பசுவைக் கொண்டுவா என்கிறார், அவர் கொண்டுவருகிறார். பிறகு, பசுவைக் கட்டு, குதிரையைக் கொண்டுவா என்கிறார். அருகிலிருக்கும் குழந்தை சொற்களையும் செயல்களையும் பார்த்துப் பார்த்து, எந்தச் சொல் வந்தபோது எது வந்தது, எது நீங்கியபோது எது நீங்கியது என்று பிரித்தறிகிறது. இதற்கு விருத்த வியவகாரம் என்று பெயர். குழந்தை முதலில் பெறுவது தனிச்சொல்லின் பொருளா, வாக்கியத்தின் பொருளா என்பதில் குமாரிலரும் பிரபாகரரும் பிரிந்தனர்; வாக்கியமே பிரிக்கவொண்ணாத ஒருமை, சொற்கள் நாம் பின்னால் செய்துகொண்ட கூறுகள் என்று இலக்கண ஞானியாகிய பர்த்ருஹரி ஒரே போடாகப் போட்டார். ஆங்கிலச் சொற்றொடர்களை நெட்டுருச் செய்யும் மாணவனைப் பர்த்ருஹரி பார்த்திருந்தால், தம் கட்சிக்கு இவனைவிட நல்ல சாட்சி இல்லை என்று மகிழ்ந்திருப்பார்.

இவ்வகை வியவகாரத்தால் ஆங்கிலம் கற்ற ஊர் சிதம்பரம் அன்று, கடலூர். கெடிலம் கடலோடு கலக்கும் தேவனாம்பட்டினத்தில், செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் 1690-இல் ஒரு கோட்டையை விலைக்கு வாங்கி, அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். அப்போது சென்னையில் கவர்னராயிருந்தவர் எலிஹு யேல். கோட்டையோடு, அங்கிருந்து பீரங்கிக்குண்டு போய் விழும் எல்லைக்குள் அடங்கிய கிராமங்களும் அவர்களுக்கு உரிமையாயின. குண்டு பாயும் தூரம் என்பது ஆங்கிலத்தில் ஏறக்குறைய இவ்வளவு என்று உத்தேசமாகச் சொல்லும் வழக்கு. நாம் கூப்பிடு தூரம் என்று சொல்வதில்லையா, அது போன்றது. கம்பெனியாரோ அந்த வழக்கை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றி, பீரங்கியை உண்மையாகவே சுட்டு, குண்டு விழுந்த இடங்களைக் கொண்டு எல்லை வகுத்தனர். கடலூர்ப் பட்டணமும் அந்த எல்லைக்குள் அகப்பட்டது. அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயரும் நிலைத்தது. 'கங்கையில் இடைச்சேரி' என்ற உதாரணத்தைக் காட்டி, நீரின்மேல் சேரி இருக்கவியலாதாகையால் கங்கைக்கரை என்று இலட்சணையால் பொருள்கொள்ள வேண்டும் என்று போதித்த நம் சாஸ்திரிகளுக்கு, இலட்சணையாக வழங்கும் ஒரு சொல்லை நேர்ப்பொருளாகிய முக்கியார்த்தத்தில் கொண்டு ஒரு பட்டணத்தையே கைக்கொள்ளலாம் என்பது தோன்றியிராது.

சென்னை பிரெஞ்சுக்காரர் வசமான 1746 முதல் 1752 வரை தென்னாட்டுக் கம்பெனி ஆட்சிக்குத் தலைமை இடமாகவே இருந்த அக்கோட்டையில், துபாஷிகளும் கணக்கர்களும் துணி வியாபாரிகளும் தோணிக்காரர்களும் ஆங்கிலம் கற்றது புத்தகத்தால் அன்று. துரை சொன்னதையும் அதன்மேல் நடந்ததையும் பார்த்துப் பார்த்து, முற்றத்துக் குழந்தையைப் போலவே கற்றார்கள். அவர்கள் பேசியதில் இலக்கணம் நொண்டியிருக்கலாம். ஆனால் எந்தச் சொற்றொடரை எந்த முகத்துக்கு நேரே சொல்லலாம், எதைச் சொன்னால் துரைக்குக் கோபம் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தபோதும் இந்தக் கல்வி இடிந்துபோகவில்லை. கச்சேரிகளும் துறைமுகமும் இருந்த மட்டும் அது தொடர்ந்தது.

சிதம்பரத்து ஆங்கிலம் வேறு வழியாக வந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கி, அது 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தபின், வயல்களின் நடுவே எழுந்த அவ்விடத்தில் ஆங்கிலேயர் சிலரே; ஆங்கிலமோ எங்கும் நிறைந்திருந்தது. வலங்கைமானில் பிறந்து, ஆங்கிலேயரே வியக்கும்படி அம்மொழியைப் பேசிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1935 முதல் 1940 வரை அங்கே துணைவேந்தராயிருந்தார். அத்தகைய ஒருவர் பேசக் கேட்கும் பேறு பெற்றவர்களுக்கு விருத்த வியவகாரம் ஓரளவு வாய்த்தது எனலாம். மற்றவர்களுக்கு வாய்த்தது ரென்னும் மார்ட்டினும். இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளை முன்னிட்டு எழுதப்பட்ட அந்த இலக்கண நூல், அப்பிள்ளைகள் கப்பலேறிப் போனபின் நம் பிள்ளைகளின் கைக்கு முழுவதுமாக வந்து சேர்ந்தது. அதிலும் அது போன்ற நூல்களிலும் அகரவரிசையில் நிற்கும் சொற்றொடர்களை, பேசுவோர் இல்லாமல், கேட்போர் இல்லாமல், பசுவும் இல்லாமல் குதிரையும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாகப் பாராயணம் செய்துவருகிறோம். மழை பலமாகப் பெய்தால் பூனைகளும் நாய்களும் பொழிகின்றன என்று எழுதும் நம் மாணவனைக் கண்டு, அந்தச் சொற்றொடர் தன் பாட்டியார் காலத்தோடு போயிற்றே என்று ஆங்கிலேயன் நகைத்தால், அந்த நகைப்பின் காரணமும் இவனுக்கு விளங்குவதில்லை. பொருள் கிடைத்துவிட்டது, வழக்கு கிடைக்கவில்லை.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். பூனையும் நாயும் பொழிதல் என்ற வாக்கியத்தில், தார்க்கிகர்கள் வாக்கியத்துக்கு வேண்டுமென்று விதித்த அவாய்நிலையும் அண்மைநிலையும் இருக்கின்றன, தகுதி இல்லை. நெருப்பால் நனைக்கிறான் என்பதை அவர்கள் தகுதியற்ற வாக்கியத்துக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். இதுவும் அந்த வகையே. இருந்தும் பொருள் பிறக்கிறது. பிரத்தியட்சத்தாலும் அனுமானத்தாலும் பிறக்காத அப்பொருள், அம்மொழியினர் அவ்வாறு சொல்கிறார்கள் என்ற ஒரே ஆதாரத்தின்மேல் நிற்கிறது. இதற்குத்தான் சப்தப் பிரமாணம் என்று பெயர். வேதத்தைப் பிரமாணமாகக் கொள்வதைக் குருட்டு நம்பிக்கை என்று இகழும் ஒருவர், அகராதியைப் பிரமாணமாகக் கொண்டு அன்றாடம் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறார். அவரை நான் குறைகூறவில்லை. ஆப்தர் வாக்கியத்தை நம்பாமல் ஒரு நாள் வாழ்க்கையும் நடவாது என்பதே இதனால் பெறப்படுவது. ஆனால் இதைக்கொண்டு, வேதமும் அகராதி போன்றதே, ஆகவே கேள்வி கேளாதே என்று முடிவுகட்டும் வைதிகரோடும் எனக்கு உடன்பாடில்லை. அகராதி, ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதற்குப் பிரமாணம். உலகம் எப்படியிருக்கிறது என்பதற்கு அன்று. ஒரு சொற்றொடரின் பொருளை ஏற்றுக்கொள்வதும் அது கூறுவதை மெய்யென்று ஏற்றுக்கொள்வதும் இரு வேறு காரியங்கள். மதவாதங்களில் பாதிக்குமேல் இவ்விரண்டும் குழம்பியதால் வந்தவை.

கடலூரிலேயே இதற்கு ஓர் உரைகல் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்னும் பெயரோடு சமணப் பள்ளியின் தலைவராயிருந்து, பின்னர்ச் சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் கல்லிலே கட்டிக் கடலில் எறிவித்தான் என்றும், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரைக் கரை சேர்த்தது என்றும் சேக்கிழார் பாடினார். அவர் கரையேறியதாகச் சொல்லப்படும் இடம் கரையேறவிட்ட குப்பம் என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. கல் மிதக்காது என்று நாத்திகர் மறுக்கிறார். நாகரிகமான ஆத்திகர் ஒருவர் குறுக்கே வந்து, இதெல்லாம் ஒரு சொல்வழக்கு ஐயா, துன்பக்கடலைத் திருவருளால் கடந்தார் என்பது கருத்து என்று சமாதானம் செய்கிறார். இந்தச் சமாதானத்தை நான் மிகவும் சந்தேகிக்கிறேன். முக்கியார்த்தத்துக்குத் தடை நேர்ந்தாலன்றி இலட்சணைக்கு இடமில்லை என்பது சாஸ்திரம். தடை நேர்ந்ததென்று தீர்ப்புச் சொல்ல உரிமை யாருக்கு? கெடிலக்கரையில் அந்தக் கரையேற்றத்துக்கு எடுக்கும் திருவிழாவைக் கைகூப்பித் தரிசிக்கும் கிழவிக்குக் கல் மிதந்ததில் தடையொன்றும் தோன்றவில்லை. அவள் சொல்லுகிற வாக்கியத்துக்கு அவளைக் கேளாமல் வேறு பொருள் சொல்லுகிறவர், ஆங்கிலேயனைக் கேளாமல் ஆங்கிலத்துக்குப் பொருள் சொல்லுகிறவரேயாவார். நாத்திகராவது அவள் வாக்கியத்தை அவள் கருதிய பொருளிலேயே எடுத்துக்கொண்டு மறுக்கிறார். அது ஒருவகை மரியாதை.

எல்லா இடத்திலும் எல்லை இவ்வளவு தெளிவாயிருப்பதும் இல்லை. நடராஜரும் கோவிந்தராஜரும் ஒரே மதிலுக்குள் எழுந்தருளியிருக்கும் சிதம்பரத்தில், சைவர் வீட்டுக் கருமாதிப் பத்திரிகை சிவலோக பதவி அடைந்தார் என்கிறது. வைணவர் வீட்டுப் பத்திரிகை பரமபதித்தார் என்கிறது. அருகே பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் வபாத்தானார்கள் என்கிறார்கள். கடலூர்க் கிறிஸ்தவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்கிறார்கள். எழுதுகிறவருள் ஒருவர் அதை மெய்யாக நம்பி எழுதுகிறார். மற்றொருவர் வழக்கமென்று எழுதுகிறார். வேறொருவர், நம்புகிறோமா இல்லையா என்று தம்மையே கேட்டுக்கொள்ளத் துணியாமல் எழுதுகிறார். அச்சுக்கோப்பவருக்கு மூன்றும் ஒன்றே. மேலே நான் சொன்ன பொருளறிவும் மெய்யறிவும், துக்கம் நிகழ்ந்த வீட்டில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிடுகின்றன. அதைப் பிரித்துப் பார்க்க அங்கே எவரும் விரும்பவும் மாட்டார்.

தான் நம்பாத ஒரு மதத்தின் வழக்குமொழியை உள்ளிருப்பவரைப் போல ஒருவன் அறிய முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு ஆறுமுக நாவலர் சாட்சி. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். அந்த மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சேறியது. நெற்றியில் விபூதியோடு அவ்வேலையைச் செய்த அந்தச் சைவர், கிறிஸ்தவ வாக்கியங்களின் பொருளை முழுவதும் பெற்றார்; அவற்றின் மெய்ம்மையை ஒருபோதும் ஒப்பவில்லை. பிற்காலத்தில் பாதிரியார்களை அவர் மறுத்தெழுதியபோது, கேட்டறியாத ஒன்றை மறுக்கிறார் என்று சொல்ல எவராலும் இயலவில்லை. சிதம்பரத்தில் 1864-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினவரும் அவரே. ஆங்கிலத்தை அவர் பகைக்கவில்லை. சைவப் பிள்ளைகள் அதைச் சைவச் சூழலில் கற்க வேண்டுமென்று பின்னர் வண்ணார்பண்ணையில் அதற்கெனவும் ஒரு பள்ளி வைத்தார். அவருக்கு எதிர்த்தரப்பில் நின்ற, வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகளும், வடலூரில் தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றும் கற்பிக்க ஒரு பாடசாலைக்கு ஏற்பாடு செய்தார் என்பது நினைக்கத்தக்கது.

அவ்விருவர் பிணக்கின் வேரில் கிடந்ததும் ஒரு சொற்சேர்க்கைதான். அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-இல் திருவருட்பா என்ற பெயரால் பதிப்பித்தார். அருள் என்பதும் பா என்பதும் கூடினால் அருளால் பாடிய பாட்டு. அப்படிப் பாடினவரின் பாட்டுக்கு அப்பெயர் பொருந்துவதில் தடை என்ன என்பது அடியார்களின் கட்சி. அப்பெயர் உறுப்புகளின் பொருளால் எவருக்கும் சென்று சேர்வதன்று. சைவ உலகின் நெடுவழக்கால் தேவார திருவாசகங்களாகிய திருமுறைகளுக்கே உரிமைப்பட்டது என்பது நாவலரின் கட்சி. சாஸ்திரகாரர்கள் யோகம் என்றும் ரூடி என்றும் பிரித்த பிரிவு இது. ரூடியே வலியது என்பதும் அவர்களின் துணிபு. தர்க்கத்தை மட்டும் நோக்கினால் நாவலர் பக்கம் வலுவானதே. 1869-இல் போலியருட்பா மறுப்பு வெளிவந்தது. சிதம்பரத்தில் தம்மை அவமதித்தார்கள் என்று நாவலர் தொடுத்த வழக்கு அதே ஆண்டில் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் ஏறியது. அடிகள் உள்ளே நுழைந்தபோது நாவலர் உட்பட யாவரும் எழுந்து நின்றனர் என்று வழங்கும் கதையை அன்பர்கள் அறிவார்கள். நீதிமன்றம் விசாரித்தது அவமதிப்பை; சொல்லின் பொருளை அன்று. அந்த விசாரணையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற் பிள்ளை ஒருபுறமும் மறைமலையடிகள் மறுபுறமுமாக மேடைதோறும் மீண்டும் நடத்தினர். அருட்பா என்ற பெயர் அடிகளின் பாடல்களுக்குத் தகும் என்று வாதித்தவர்களுள் செய்குத்தம்பிப் பாவலர் ஒருவர், அவர் முஸ்லிம்.

இன்று தைப்பூசத்தன்று வடலூருக்கு ரயிலேறும் ஜனங்களிடம் அருட்பா என்றால், அவர்களுக்குத் திருமுறைகள் நினைவுக்கு வருவதில்லை. சிதம்பரத்துக் கடைத்தெருவில் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது வள்ளலார் பாடல்களையே. தேவாரம் வேண்டுமென்றால் தேவாரம் என்றே கேட்க வேண்டும். நாவலர் எந்த ரூடியை அரணாகக் கொண்டாரோ, அந்த ரூடியே, எந்தப் புலவரின் அனுமதியையும் எதிர்பாராமல், எதிர்த்தரப்பின் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது.